கண்ணாடிக்கு அப்பால் ஒரு காது: குரல் தொழிலில் பயிற்சியும் வடசென்னையும்

புழல், காவாங்கரை, செங்குன்றம், மாதவரம் வட்டாரத்தில் நல்ல குரலுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. ஆடித் திருவிழாவில் மைக் செட்காரரிடம் மைக்கை வாங்கிப் பேசுபவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வேத வாசகம் வாசிக்கும் பெண், தேர்தல் வந்தால் பிரசார ஆட்டோவுக்குப் பேசிப் பதிவு செய்து கொடுப்பவர், கல்லூரியில் பட்டிமன்றம் பேசிப் பரிசு வாங்கியவர் என்று தெருவுக்கு ஒருவராவது தேறுவார். இவர்களில் சிலர் குரல் தொழிலுக்குள் நுழைந்தும் விடுகிறார்கள். ஜவுளிக்கடை விளம்பரம், யூடியூப் சேனலுக்குப் பின்னணிக் குரல், தனியார் பள்ளியின் சேர்க்கை அறிவிப்பு என்று சில்லறை வேலைகள் வரும். இரண்டு மூன்று வருடம் ஓடும். பிறகு வருமானமும் வேலையின் தரமும் ஓரிடத்தில் நின்றுவிடும். அடுத்த படிக்கு ஏற யாரிடம் போய்க் கற்றுக்கொள்வது என்ற கேள்வி அப்போதுதான் வரும்.

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பது கடினம். தேடினால் அகப்படுபவை பெரும்பாலும் புதிதாக வருபவர்களுக்கான வகுப்புகள். 'உங்கள் குரலில் வளம் இருக்கிறதா, வாருங்கள், சம்பாதிக்கலாம்' என்கிற விளம்பரங்கள். ஏற்கெனவே உள்ளே வந்து நடுவழியில் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தேவை குரல் பயிற்சி அல்ல. தான் செய்யும் வேலையின் ஒரு கிளையில், ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்களை இயக்கிப் பழகிய ஒருவரின் திருத்தம்தான் தேவை. அப்படிப்பட்டவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். பலகை மாட்டிக்கொண்டு இருப்பதில்லை.

இந்தத் தொழில் வளர்ந்த விதமும் அதற்கு ஒரு காரணம். ஏ. வி. மெய்யப்பனின் கன்னட 'ஹரிச்சந்திரா' 1944இல் தமிழ் பேசியது. இந்தியாவில் மொழிமாற்றம் செய்யப்பட்ட முதல் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த எண்பது ஆண்டுகளில் டப்பிங் ஆர்ட்டிஸ்ட் ஆனவர்களில் பெரும்பாலோர் அதற்கென ஒரு பள்ளியில் படித்து வந்தவர்கள் அல்லர். மோகன் நடித்த படங்களில் அவர் குரலாகவே நாம் நம்பிய எஸ். என். சுரேந்தர் பாடகர். 'பம்பாய்' படத்தில் மனிஷா கொய்ராலாவுக்கும் 'இருவர்' படத்தில் ஐஸ்வர்யா ராய்க்கும் பேசிய ரோகிணி குழந்தை நட்சத்திரமாக வந்த நடிகை. கதாநாயகனாக நிலைபெறும் முன் 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் 'காதல் தேச'த்தில் அப்பாஸுக்கும் பேசியவர் விக்ரம். எம். எஸ். பாஸ்கர் எத்தனையோ படங்களுக்குக் குரல் கொடுத்த பிறகே முகம் தெரிந்த நடிகரானார்.

இவர்கள் கற்றது அறையில் நின்றுதான். கூட்டத்துக் குரல் கொடுக்கப் போய், பெரியவர்கள் பேசுவதைப் பார்த்து, 'ஒன்மோர்' கேட்டுக் கேட்டுத் தேறினார்கள். அந்தக் காலத்தில் ஒரு காட்சியில் வரும் எல்லோரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பேசினார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடி பேச வேண்டும். கொடுமையான ஏற்பாடுதான். ஆனால் புதியவர் பக்கத்தில் ஒரு மூத்தவர் நின்றார், அவருடைய மூச்சைக்கூட இவரால் கேட்க முடிந்தது. இப்போது ஒவ்வொருவரும் தனித்தனி டிராக்கில், தனித்தனி நேரத்தில் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். அடுத்தவர் எப்படிப் பேசினார் என்று படம் வந்த பிறகுதான் தெரிகிறது. தொழில்நுட்பம் வேலையை எளிதாக்கியபோது, காசில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டது. இன்று பயிற்சி வகுப்புகள் காசுக்கு விற்கப்படுவதன் வேர் இதில் இருக்கிறது.

இன்னொரு பள்ளிக்கூடம் வானொலி. சென்னை வானொலி நிலையம் 1938இல் தொடங்கியது. இலங்கை வானொலியின் மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது போன்றவர்களைக் கேட்டே உச்சரிப்பு கற்றவர்கள் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை இருக்கிறது. ஆகாசவாணியில் இன்றும் தற்காலிக அறிவிப்பாளர்களுக்கு எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் உண்டு. தேறியவர்களுக்கு 'வாணி' என்றொரு சான்றிதழ்ப் பயிற்சியும் உண்டு. சினிமாவில் பேச வேண்டும் என்று கனவு காண்பவர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பதைக் கேட்டிருக்கிறேன். அது அறியாமை. குரல் தேர்வில் தோற்றாலும் உங்கள் லகர ளகர ழகரமும் னகர ணகரமும் எங்கே வழுக்குகின்றன என்று தெரிந்துவிடும். பல வகுப்புகளில் காசு கொடுத்தாலும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அரசு சார்பில் வேறு என்ன இருக்கிறது? தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் வேர் 1945 வரை போகிறது. அங்கே ஒளிப்பதிவு உண்டு, ஒலிப்பதிவு உண்டு, படத்தொகுப்பும் இயக்கமும் உண்டு. மைக்குக்குப் பின்னால் இருக்கும் கருவியை இயக்கப் பட்டம் தருகிறார்கள். மைக்குக்கு முன்னால் நிற்பவருக்கு அங்கே பட்டப்படிப்பு இல்லை. மத்திய அரசின் திறன் மேம்பாட்டு ஏற்பாட்டின் கீழ் வரும் ஊடக, பொழுதுபோக்குத் துறைக் கவுன்சில் குரல் கலைஞருக்கு என்று ஒரு வேலைத் தரத்தை எழுதி வைத்திருக்கிறது. தாளில் அது நன்றாகத்தான் இருக்கிறது. டப்பிங்குக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் ஒரு இன்சார்ஜ் அந்தச் சான்றிதழைக் கேட்டு வேலை கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் கேட்பது டெமோவை, அதாவது உங்கள் குரலின் மாதிரிப் பதிவை.

பயன் தரும் இடங்கள் ஓரங்களில் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 2004இல் தொடங்கியது. இந்தியாவில் ஒரு கல்வி வளாகம் நடத்திய முதல் சமுதாய வானொலி அதுதான். எம்.ஓ.பி. வைணவக் கல்லூரியிலும் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட நிலையங்களில் தன்னார்வமாகப் பேசுபவருக்குச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் வாரம் தவறாமல் மைக் கிடைக்கும், பதிவு கிடைக்கும், தன் குரலைத் தானே வெட்டி ஒட்டும் பழக்கம் வரும். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையும் அதன் வழியில் வந்த நாடகக் குழுக்களும் இன்னொரு வாசல். அங்கே மைக்குக்கு முன் பேசக் கற்றுத்தர மாட்டார்கள். வசனத்துக்குப் பின்னால் உடம்பு இருக்கிறது என்று கற்றுத்தருவார்கள். ஒரு வாக்கியத்தை எங்கிருந்து தொடங்குகிறோம், யாரிடம் சொல்கிறோம், சொல்லாமல் எதை மறைக்கிறோம் என்பது பிடிபட்டுவிட்டால் விளம்பரக் குரலே மாறிவிடும். கார்ட்டூனுக்கும் தொடருக்கும் பேச ஆசைப்படுபவர் ஒரு வருடம் நாடகத்தில் செலவழித்தால், அதே பணத்துக்கு மூன்று வார இறுதி வகுப்புகளில் கிடைப்பதைவிட நிறையக் கிடைக்கும்.

இனி புழல் பக்கத்துக்கு வருவோம். குரல் தொழிலுக்கு வரும் வடசென்னைக்காரர் ஒருவர் வெறுங்கையோடு வருவதில்லை. ஏதோ ஒரு பழக்கத்தோடு வருகிறார், அந்தப் பழக்கம்தான் அவரை முதலில் தூக்கிவிட்டு, பிறகு பிடித்து நிறுத்துகிறது. மைக் செட் அறிவிப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அடித்தொனி எடுபடாது. அதனால் அவர் சுருதியை ஏற்றி, உயிரெழுத்துகளை இழுத்து, தெருக்கோடி வரை எறிகிறார். அது அந்த இடத்துக்கு மிகச் சரியான நுட்பம். ஸ்டுடியோவில் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, கேட்பவர் காதில் இயர்போன் இருக்கிறது. அங்கே எறிந்தால் கேட்பவர் கழற்றி வைத்துவிடுவார். வேத வாசகம் வாசித்துப் பழகியவரின் சிக்கல் வேறு. அவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே மாதிரி இறக்கி முடிப்பார். தெளிவும் மரியாதையும் இருக்கும். ஆவணப்படத்துக்கு நன்றாகப் பொருந்தும். சோப்பு விளம்பரத்தில் சோப்பு பரிசுத்தமாகிவிடும். பட்டிமன்றப் பேச்சாளர் கைதட்டலுக்கு இடம் விட்டே பேசுவார். மேடையில் கட்சிக்குப் பேசியவர் கடைசிச் சொல்லை நோக்கி ஏறிக்கொண்டே போவார். பண்பலை அறிவிப்பாளராக இருந்தவரிடம் வேகமும் சிரிப்பும் இருக்கும், சாவு வீட்டு வசனத்திலும் அந்தச் சிரிப்பு எட்டிப்பார்க்கும்.

நல்ல பயிற்சியாளர் செய்யும் முதல் வேலை இந்தப் பழக்கத்தின் பெயரைச் சொல்வது. அதை மறக்கச் சொல்ல மாட்டார், அது எப்போது தானாக வருகிறது என்று காட்டுவார். ஒரே நான்கு வரியை அம்மாவிடம், அதிகாரியிடம், தூங்கும் குழந்தையின் பக்கத்தில், பேருந்தில் ஏறிக்கொண்டே என்று வெவ்வேறு விதமாகச் சொல்லவைத்து, எதில் பழைய பாட்டு திரும்பி வருகிறது என்று பதிவைப் போட்டுக் காட்டுவார். 'மாடுலேஷன் போதாது' என்று மட்டும் சொல்பவர் எதையும் சொல்லவில்லை. குரலை ஏற்றி இறக்குவது எல்லோருக்கும் வரும். எதற்காக ஏற்றுகிறோம் என்பதைத்தான் ஒருவர் வெளியிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

உச்சரிப்புப் பயிற்சிக்கு நாம் வெளியே தேட வேண்டியதே இல்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எழுத்தாவதை வரிசையாகச் சொல்கிறது. எந்த எழுத்துக்கு நாக்கு எங்கே தொட வேண்டும் என்று அதைப் படித்துக்கொண்டே கண்ணாடி முன் பயிற்சி செய்யலாம். டப்பிங்குக்கு இது வேறு விதத்திலும் உதவும். திரையில் வாய் மூடும் இடங்களில் பகரமோ மகரமோ விழுந்தால் குரல் உதட்டசைவோடு ஒட்டிவிடும். வசனம் எழுதுபவர் பார்க்கத் தவறினால், எழுத்தின் பிறப்பிடம் தெரிந்த குரல் கலைஞர் அந்த இடத்திலேயே ஒரு சொல்லை மாற்றிக் கொடுப்பார். அப்படிக் கொடுப்பவரை இன்சார்ஜ் மறக்க மாட்டார். முன்னேற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

மெட்ராஸ் பாஷை என்ற தகராறை ஒதுக்கிவிட்டு இந்தப் பகுதியைப் பற்றிப் பேச முடியாது. 'இஸ்துகினு வா' என்று பேசும் வாய் பல காலமாகத் தமிழ் சினிமாவில் ரிக்‌ஷாக்காரருக்கும் ரவுடிக்கும் கோமாளிக்கும்தான் ஒதுக்கப்பட்டது. அதனால் ராயபுரத்திலிருந்தோ எண்ணூரிலிருந்தோ வருபவரிடம் பல வகுப்புகள் முதலில் சொல்வது, 'உங்க ஸ்லாங்கை எடுத்துடணும்.' எனக்கு இதில் உடன்பாடில்லை. 'மெட்ராஸ்' 2014இலும் 'வட சென்னை' 2018இலும் 'சார்பட்டா பரம்பரை' 2021இலும் படங்களாக வந்த பிறகு, இந்தப் பேச்சைக் கேலியில்லாமல் பேசத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. குழந்தைகள் சேனலாக 2007இல் வந்த சுட்டி டி.வி.யில் ஜாக்கி சான் கார்ட்டூன் பேசிய தெருத்தமிழை இன்றும் முப்பது வயதுக்காரர்கள் சொல்லிச் சிரிக்கிறார்கள். எழுத்துத் தமிழ் வாசிப்பையும் பொதுப் பேச்சுத் தமிழையும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும், அது சரி. செய்தி, ஆவணப்படம், பாடக் காணொளி எல்லாம் அதைக் கேட்கும். ஆனால் சேர்ப்பதற்குத்தான் பயிற்சி. இருப்பதைப் பிடுங்கச் சொல்லும் பயிற்சியாளர், உங்களிடம் இருக்கும் ஒரே தனிச் சரக்கைக் குப்பையில் போடச் சொல்கிறார்.

காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் ஒரு தமிழும் தெருவில் ஒரு தமிழும் பேசுகிறார்கள். 2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' படம் ஓர் ஈழத்துக் குடும்பத்தைப் பற்றியது. இப்படிக் கதைகள் வரும்போது யாழ்ப்பாணப் பேச்சைப் போலி செய்பவரைத் தேடி ஸ்டுடியோக்கள் இருக்கும் வடபழனி அலைகிறது, உண்மையான பேச்சு புழலில் இருக்கிறது. இரண்டையும் இணைக்க ஒரு டெமோ போதும். கனடாவிலும் லண்டனிலும் தமிழ் ஊடகங்களுக்குப் பேசவும் அதே டெமோ உதவும். சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் போன்ற வானொலிகள் அந்தந்த நாட்டுத் தமிழைத்தான் விரும்புகின்றன என்பதால், அங்கே சென்னைக் குரலுக்கு எளிதில் இடமில்லை.

வேலையின் கிளைகளைப் பற்றி ஒரு பேச்சு. சினிமா டப்பிங், தொடர் டப்பிங், கார்ட்டூன், விளம்பரம், ஆவணப்படம், பாடக் காணொளி, ஒலிப்புத்தகம், தொலைபேசித் தானியங்கிக் குரல் என்று எல்லாவற்றையும் ஒரே மாதப் பயிற்சியில் தருவதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். விளம்பரத்தில் முப்பது நொடிக்குள் ஒரு மனநிலையைப் பிடிக்க வேண்டும். ஒலிப்புத்தகத்தில் பத்து மணி நேரம் ஒரே மூச்சளவில் தாக்குப்பிடிக்க வேண்டும், இருபது பாத்திரங்களை ஒருவரே வேறுபடுத்த வேண்டும். பாம்பே கண்ணன் 'பொன்னியின் செல்வ'னைப் பல குரல்களில் ஒலிப்புத்தகமாக்கியது வேறொரு வழி. அங்கே நாடகக்காரர்கள் கைகொடுத்தார்கள். பாடக் காணொளியில் குரல் கலைஞர் தனக்குப் புரியாத வேதியியலைப் புரிந்தவர் மாதிரிச் சொல்ல வேண்டும். இதுவரை உங்களுக்கு எதில் திரும்பத் திரும்ப வேலை வந்திருக்கிறதோ, அந்தக் கிளையில் ஒருவரைத் தேடுங்கள். அதில் கெட்டியான பிறகு அடுத்தது.

எப்படித் தேடுவது? தொடரின் முடிவில், கார்ட்டூனின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். டப்பிங் இயக்கியவர் பெயர் இருக்கும். ஒலிப்பொறியாளர் பெயரும் இருக்கும். ஒலிப்பொறியாளர்களை யாரும் ஆசிரியர்களாக நினைப்பதில்லை. நாள் முழுக்க இருபது குரல்களைக் கேட்பவர் அவர்தான். யார் எந்த எழுத்தில் காற்றடிக்கிறார், யார் வாக்கிய முடிவை விழுங்குகிறார் என்று அவருக்குத் தெரியும். சாலிகிராமத்திலோ கோடம்பாக்கத்திலோ சிறு ஸ்டுடியோவில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்து, 'என்ன தப்பு என்று சொல்லுங்கள்' என்று கேட்டால் பல பொறியாளர்கள் மனமுவந்து சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரம் பல வகுப்புகளுக்குச் சமம்.

பயிற்சியாளரை எடைபோடுவதும் கடினமல்ல. அவர் கடைசியாக இயக்கிய வேலை எது என்று கேளுங்கள். ஒரு மாதிரி அமர்வு கேளுங்கள், பதிவோடு. அந்த அமர்வில் அவர் அதிகம் பேசினாரா, நீங்கள் அதிகம் பேசினீர்களா என்று பாருங்கள். உங்களுக்கு ஒத்துவராத கிளை எது என்று அவரால் சொல்ல முடிந்ததா? 'உங்கள் குரல் எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்றால் எழுந்து வந்துவிடலாம். மூன்றாவது வகுப்பிலேயே டெமோ தயாரித்துத் தருவதாகப் பெரிய தொகை கேட்டால், அவர் தொழில் டெமோ விற்பது. வேலை வாங்கித் தருவேன் என்று முன்பணம் கேட்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டெமோ ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஒரு கிளைக்கு ஒன்று, முதல் பத்து நொடியிலேயே உங்கள் சிறந்த வாசிப்பு. கேட்பவர் அதற்கு மேல் கேட்பார் என்று நினைத்துச் செய்வது வீண்.

அயல்நாட்டுப் பயிற்சி இன்று இணையத்தில் சுலபம். நியூயார்க்கின் எட்ஜ் ஸ்டுடியோ போன்றவை பல ஆண்டுகளாக இதையே தொழிலாக நடத்துகின்றன. டாலரில் கொடுக்க முடிந்தவருக்கு மைக் நுட்பமும் நடிப்பும் அங்கே நன்றாகக் கிடைக்கும். தமிழ் வாசிப்பை அவர்களால் திருத்த முடியாது. ஆங்கிலத்தில் பாடக் காணொளி பேசுபவருக்கு மட்டும் அந்தச் செலவு தேறும் என்பது என் எண்ணம். புழலில் இருக்கும் பெண்களுக்கு இணைய வகுப்பில் வேறொரு லாபம் உண்டு. வடபழனிக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் கால்ஷீட் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும் செலவையும் பயத்தையும் கணக்கில் எடுக்காமல் 'வாய்ப்பைத் தவறவிட்டாள்' என்று பேசுவது அநியாயம்.

அதனால் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பும் வேலைகள்தான் இங்கே பலருக்கும் கைகொடுக்கின்றன. ஆனால் புழல் வழியாகப் போகும் ஜி.என்.டி. சாலையை ஒட்டி வாழ்பவருக்கு அதுவும் சோதனை. துறைமுகத்துக்கும் மாதவரம் லாரி நிலையத்துக்கும் போகும் கன்டெய்னர் வண்டிகள் பகலில் நகருக்குள் தடுக்கப்படுவதால் இரவில்தான் அதிகம் ஓடுகின்றன. நள்ளிரவு அமைதி என்று நினைத்து மைக்கைப் போட்டால், இரைச்சல் அடித்தொனியாக உள்ளே வரும். அமேசானின் ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸ் வைத்திருக்கும் அளவுகோல் இங்கே உதவும்: யாரும் பேசாதபோது அறையின் சத்தம் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும், பேச்சின் சராசரி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் நடுவில், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக் கூடாது. இலவச மென்பொருளில் இதை அளந்துவிடலாம். விலை உயர்ந்த கன்டென்சர் மைக் வாங்கினால் அது தெருவையும் சேர்த்துப் பதியும். இப்படிப்பட்ட வீட்டுக்கு வாயருகே வைத்துப் பேசும் டைனமிக் மைக் மேல். சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள அறை, துணி நிறைந்த அலமாரி, நான்கு பக்கமும் போர்வை. முதல் கட்டத்துக்கு இது போதும்.

தொண்டையையும் கவனிக்க வேண்டும். மணலி, எண்ணூர் பக்கத்துப் புகையும் நெல் ஆலைத் தூசியும் போதாதென்று, இரவு தாமதமாகச் சாப்பிட்டுப் படுப்பதால் மேலேறும் அமிலமும் குரலைக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் கஷாயத்தோடு நிற்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் காட்டிவிட வேண்டும்.

திறமை வந்த பிறகும் வாசல் ஒன்று இருக்கிறது. சினிமா, தொலைக்காட்சி டப்பிங்கில் யூனியன் அட்டை இல்லாமல் நிலைத்து வேலை செய்வது கடினம். யூனியனில் உறுப்பினராகும் செலவும் விதிகளும் நேரில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. அந்த அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பாடகியும் டப்பிங் கலைஞருமான சின்மயியின் விவகாரம் காட்டியது. யூனியன் தலைவராக இருந்த ராதாரவிக்கு எதிராகப் பேசிய பின், 2018 நவம்பரில் சின்மயி உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்றது யூனியன், பழிவாங்கல் என்றார் அவர். '96' படத்தில் த்ரிஷாவுக்குப் பேசிப் பாராட்டுப் பெற்றவர், மறுபடி 2023இல் 'லியோ'வில் த்ரிஷாவுக்கே பேசும் வரை இடைவெளி விழுந்தது. அவ்வளவு புகழ் உள்ளவருக்கே அப்படி. இன்னொரு பக்கம், பெரிய படங்களின் வேலையை நட்சத்திரங்களும் எடுத்துக்கொள்கிறார்கள். 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி பேசியபோது, முன்பு கேட்டுப் பழகிய குரல்தான் வேண்டும் என்று ரசிகர்கள் பலர் குறைபட்டார்கள். பெயர் தெரியாத ஒரு டப்பிங் கலைஞருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது.

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசாமல் இன்று எந்தப் பயிற்சியும் முழுமையாகாது. அமெரிக்கக் குரல் கலைஞர் சூசன் பென்னட் 2005இல் ஒரு நிறுவனத்துக்காக நாள் கணக்கில் வாக்கியங்களைப் பதிவு செய்து கொடுத்தார். 2011இல் அந்தக் குரல் ஆப்பிளின் 'சிரி'யாகப் பேசியபோதுதான் அவருக்கே தெரிந்தது. இங்கே 'லால் சலாம்' படத்தில் ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் பாடவைத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் பாடகர் அர்ஜித் சிங்கின் குரலை அனுமதியின்றி நகல் செய்வதற்குத் தடை விதித்தது. அதே மாதம் அமெரிக்க வீடியோ கேம் குரல் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், இந்த நகல் பிரச்சினைக்காகவே. சில்லறை வேலை செய்பவருக்கு நீதிமன்றம் தூரம். ஆனால் ஒப்பந்தம் கையில் இருக்கிறது. எந்தத் தளத்தில், எத்தனை காலம், எந்த மொழிகளில் பயன்படும், இயந்திரத்தைப் பயிற்றுவிக்கப் பயன்படுமா என்ற கேள்விகளைக் கேட்கச் சொல்லித்தராத பயிற்சியாளர் பாதிப் பாடம்தான் நடத்துகிறார். மணிக்கு இவ்வளவு என்று நல்ல கூலி தந்து, சம்பந்தமில்லாத ஆயிரம் வாக்கியங்களை வாசிக்கச் சொன்னால், அது எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். அரசு நிறுவனங்களும் ஐ.ஐ.டி. போன்றவையும் வெளிப்படையாகச் சொல்லிச் செய்யும் பேச்சுத் தரவுப் பணிகள் வேறு.

காசில்லாத வழி ஒன்றைச் சொல்கிறேன். புழல் சுற்றுவட்டாரத்தில் ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு பயிற்சி வட்டம் ஆகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூடலாம். ஒருவர் பேச, ஒருவர் இயக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். அடுத்த முறை பொறுப்பு மாறும். பேசுவதைவிட இயக்கும்போதுதான் அதிகம் கற்கிறோம் என்பது இரண்டாவது கூட்டத்திலேயே தெரிந்துவிடும். மாதம் ஒரு முறை செலவைப் பங்கிட்டு, தொழிலில் உள்ள ஒருவரை அழைத்து உட்காரவைத்தால், தனியாகக் கொடுக்க வேண்டிய கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆகும்.

அந்த வட்டம் கூடுவதற்கு ஓர் அறை வேண்டும். லாஸ் ஏஞ்சலீஸில், திரைப்பட முன்னோட்டங்களின் குரலாக அறியப்பட்டு 2008இல் மறைந்த டான் லாஃபான்டெய்ன் பெயரில், நடிகர் சங்க அறக்கட்டளை ஒரு குரல் பதிவுக் கூடம் நடத்துகிறது. சங்கத்தினர் அங்கே பதிவு செய்யலாம், கற்கலாம். நமக்கு அவ்வளவு பெரிதாக வேண்டாம். வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் புழலிலிருந்து போய்வரும் தூரத்தில் கொளத்தூர் அகரத்தில் முதல்வர் படைப்பகம் திறக்கப்பட்டது; படிக்க இடம், கணினி வைத்து வேலை செய்ய இடம் எல்லாம் அங்கே உண்டு. அங்கேயும் இனி வடசென்னையில் கட்டப்படும் படைப்பகங்களிலும் நூலகங்களிலும் எட்டடிக்கு எட்டடியில் சத்தம் புகாத ஓர் அறையும், ஒரு மைக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியும் போட்டுத் தர வேண்டும். பெருநகர வளர்ச்சிக் குழுமமும் மாநகராட்சியும் இதைச் செய்ய வேண்டும் என்பதே கோரிக்கை. மாதவரம் மண்டலக் கவுன்சிலர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுப்பலாம்.